நோன்பு தாங்காத பேட்டரிகள்

பேட்டரிக் கடைக்கு யாரும் சிரிச்ச முகத்தோட வரமாட்டாங்க. துணிக்கடைக்கு வர்றவங்க சிரிச்சுக்கிட்டு வருவாங்க, மிட்டாய்க்கடைக்குக் கேக்கவே வேணாம். எங்க கடைக்கு வர்றவர் மட்டும் வண்டியைத் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கி, வீட்டுல பொண்டாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, அதுக்கப்புறம்தான் வருவார். வந்ததும் நம்மள ஒரு முறை முறைப்பார். என்னமோ நாமதான் சுவரேறிக் குதிச்சு அவர் பேட்டரியில இருந்த சார்ஜையெல்லாம் உறிஞ்சிட்டுப் போன மாதிரி.

எழுபதுகள்ல மரக்காணத்துல, திண்டிவனம் ரோட்டுமேல எனக்கு ஒரு பேட்டரிக் கடை இருந்துச்சு. சுவத்துல சார்ஜ் போடுற போர்டு, கீழ பலகைமேல வரிசையா கறுப்புப் பெட்டிங்க, மூலையில ஆசிட் ஜாடி. அவ்வளவுதான் கடை. ஆசிட் தெறிச்சுத் தெறிச்சு என் சட்டை, லுங்கி எல்லாத்துலயும் ஓட்டை. எங்கம்மா அதைத் துவைக்கும்போதெல்லாம், "வலை பின்றவன்கூட இத்தனை ஓட்டை வெக்கமாட்டான்டா அந்தோணி"ன்னு சொல்வாங்க.

எங்க பக்கத்துல பேட்டரி வெச்சிருந்தவங்க யாரும் அதை வருஷம் பூரா ஓட்டுறவங்க இல்லை. மழை வந்து உப்பளத்தை மூடினா உப்பளத்து ஜீப்பு நின்னுடும். உழவு முடிஞ்சா டிராக்டர் நின்னுடும். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாது, மைக்செட்டு நின்னுடும். சும்மா வெச்சிருந்தா பொருள் ரொம்ப நாள் உழைக்கும்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு. பேட்டரி அந்த ஜாதி இல்லீங்க. சார்ஜ் இல்லாம சும்மா போட்டு வெச்சா உள்ள இருக்கிற ஈயத் தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கல்லாட்டம் ஆயிடும். மாசத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துச் சார்ஜ் ஏத்தி வெக்கணும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க தையல் கடை வெச்சிருந்தாலும் சரி, சைக்கிள் கடை வெச்சிருந்தாலும் சரி, இந்த வாய்வலி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்த தைரியத்துலதான் உங்ககிட்ட என் பாட்டைச் சொல்றேன்.

ஊதாத் துணி போட்ட ஹாரன்

எங்க சர்ச்சுப் பங்குல மைக்செட்டுன்னா சவரிமுத்துதான். பெரிய ஹாரன் ரெண்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர், பாட்டுத் தட்டு சுத்துற பிளேயர் ஒண்ணு, இதையெல்லாம் ஓட்ட ரெண்டு பேட்டரி. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு கரண்ட் ஆபீஸ்காரருக்கே தெரியாத காலம் அது. அதனால மைக்செட்டுக்கு உயிரே பேட்டரிதான். அவருக்கு ஒரே மக, பிலோமினா. கோயில் பாட்டுக்குழுவுல பாடும். நான் ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒழுங்கா போக ஆரம்பிச்சதுக்குக் காரணம் பக்தின்னு எங்கம்மா நம்பிக்கிட்டு இருந்தாங்க. நான் மறுக்கலை.

சவரிமுத்துக்கு நெசமாவே பக்தி ஜாஸ்தி. விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பல் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தார்னா, ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தபசு காலம் முடியிற வரைக்கும் கறி கிடையாது, சவரம் கிடையாது, மைக்செட்டு கிடையாது. கோயில்ல சாமி சுரூபங்களுக்கு ஊதாத் துணி போட்டு மூடுறாங்க இல்லையா, அதே மாதிரி இவரு ஹாரனுக்கும் பேட்டரிக்கும் ஊதாத் துணி போட்டு மூடிடுவார். தபசுக்கு முந்தின கல்யாணங்கள்ல பாடிப் பாடிக் காலியான பேட்டரி அப்படியே வெறும் வயித்தோட ஈஸ்டர் வரைக்கும் கிடக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமை, அத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்த கல்யாணமெல்லாம் ஒண்ணா வரும். துணியை எடுத்துப் பாத்தா ரெண்டு பேட்டரியும் சாகக் கிடக்கும். அவசர அவசரமா எங்கிட்ட சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டு ஓடுவார். ரெண்டு வருஷம் இப்படியே ஆச்சு. ரெண்டாவது வருஷம் பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில்லேர்ந்து பந்தலுக்குள்ள காலெடுத்து வெக்கிற நேரத்துல பாட்டு இழுத்து இழுத்து எருமை கத்துற மாதிரி ஆகி நின்னுபோச்சு. பந்தலே விழுந்து விழுந்து சிரிச்சது.

நேரம் காலம் பாக்கத் தெரியாத எங்கம்மா, அந்த வாரமே சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டு எனக்குப் பிலோமினாவைப் பொண்ணு கேட்டுப் போனாங்க. சவரிமுத்து காப்பி குடுத்து உக்கார வெச்சு மரியாதையாத்தான் பேசியிருக்கார். கிளியனூர்ல ஒரு வாத்தியார் பையன் சம்பந்தம் வந்திருக்குது, அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பதில் சொல்றதா இல்லைன்னும் சொல்லியிருக்கார். எழுந்திரிக்கும்போது சொன்னாராம்: "உங்க பையன் சார்ஜ் போட்ட பேட்டரிதாம்மா என் மானத்தை வாங்குச்சு. அடுத்த ஈஸ்டர் திங்கக்கிழமைக்கு என் செட்டு நிக்காம பாடட்டும். முதல்ல ஒரு பேட்டரியைச் சாகாம வெச்சுக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் பொண்டாட்டியை எப்படி வெச்சுக்குவான்னு பேசலாம்."

மூணாம் நாள்

சரி, சவால்னு ஆயிடுச்சு. முதல்ல அந்த ரெண்டு பேட்டரியையும் கடைக்கு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு போயே போச்சு. மேல ஊத்தியிருந்த தாரை உருக்கி எடுத்துட்டு உள்ள இருந்த தகட்டுக் கூட்டத்தை வெளிய இழுத்தா, பாதி கையோட உதிர்ந்து வந்துச்சு. அதுக்குப் புதுத் தகடு வெக்கணும்னு சொன்னேன். முனகிக்கிட்டே சரின்னார். இன்னொண்ணுல வெள்ளை பூத்திருந்துச்சே தவிர உயிர் இருந்துச்சு. இந்த மாதிரி பேட்டரிக்கு அவசரம் ஆகாது. பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊத்துற மாதிரி, கொஞ்சமா கொஞ்சமா கரண்ட் விட்டு, சூடேறினா நிறுத்தி, ஆறவெச்சு, மறுபடி விட்டு, நாள் கணக்கா உக்காந்து எழுப்பணும்.

நம்ம ஆளுக்கு அந்தப் பொறுமை எங்க இருக்குது? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து, ஆஸ்பத்திரியில சொந்தக்காரனைப் பாக்குற மாதிரி பேட்டரியைப் பாத்துட்டு நிப்பார். "இன்னும் எத்தினி நாளு?"ன்னு கேப்பார். "வெள்ளை கரையணுங்க, தானாத்தான் கரையும்"னு சொல்வேன். வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. ஒருநாள் பலகை முன்னாடி குந்திக்கிட்டு, மூடியைத் திறந்து உள்ள எட்டிப் பாத்துட்டு, எம்பக்கம் திரும்பிச் சொன்னார்: "என்னப்பா இது, கர்த்தரே மூணாம் நாள் எழுந்துட்டார், உன் பேட்டரி இன்னும் படுத்தே கிடக்குதே!"

எழுந்துச்சு. நல்லாவே எழுந்துச்சு. ஆனா அவர் வாயால ஒரு நல்ல வார்த்தை வரணுமே! அதுக்கு எனக்குத் தேவைப்பட்டது நாலு வாடிக்கைக்காரங்க நல்லவிதமா சொல்றது. அந்த வருஷம் பூரா என் வாடிக்கைக்காரங்க எனக்காக என்ன சொன்னாங்கன்னு கேளுங்க.

சொல்தாவோட நற்சான்று

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்களை எங்க பக்கம் சொல்தான்னு சொல்வாங்க. பொம்மையார்பாளையத்துல அப்படி ஒரு பெரியவர் இருந்தார், பிரெஞ்சுக்காரங்க மாதிரி அவரை 'மிசியே'ன்னுதான் கூப்பிடணும். நல்ல கறுப்புக் கார் ஒண்ணு வெச்சிருந்தார். தினமும் துடைப்பார், வாரத்துக்கு ஒரு நாள் பாலிஷ் போடுவார், ஆனா ஓட்டமாட்டார். பிரெஞ்சுக்காரங்களோட தேசிய நாள், ஜூலை பதினாலாம் தேதி மட்டும் மெடலெல்லாம் குத்திக்கிட்டு, பொண்டாட்டியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு பாண்டிச்சேரிக்குப் போய்த் திரும்புவார். மத்த நாளெல்லாம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஷெட்டுக்குள்ளயே காருக்குள்ள உக்காந்து ரேடியோ கேப்பாங்க. என்ஜினை ஓட்டாம ரேடியோவை மட்டும் ஓட்டினா பேட்டரி என்னாகும்? வருஷா வருஷம் ஜூலையில எனக்கு ஆள் அனுப்புவார்.

"வாரத்துக்கு ஒரு தடவை என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க மிசியே, பேட்டரி நாலு வருஷம் வரும்"னு நான் தலையால தண்ணி குடிச்சிருக்கேன். "ஓட்டினா கார் அழுக்காயிடும்"னு ஒரே பேச்சுல முடிச்சிடுவார். அந்த வருஷ ஜூலை விருந்துக்கு அவர் வீட்டுல மைக்செட்டு சவரிமுத்துவோடது. நான் புது பேட்டரியை மாட்டிட்டு கையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல சவரிமுத்து ஒயர் சுத்திக்கிட்டு இருக்கார். எனக்குள்ள ஒரு நப்பாசை. "மிசியே, நம்ம வேலையைப் பத்தி இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு எடுத்துக் குடுத்தேன். பெரியவர் என் தோள்ல கையைப் போட்டு, மனசார, சத்தமா சொன்னார்: "தங்கமான பையன் சவரிமுத்து! வருஷம் தவறாம புது பேட்டரி இவன்கிட்டதான் வாங்குறேன்."

பிரம்மதேசத்துப் பொட்டு

பிரம்மதேசத்து முருகேசன் வீட்டு டிராக்டர் ஒரு உழவுக்கும் அடுத்த உழவுக்கும் நடுவுல கோழி அடையிற இடமா இருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் குளிப்பாட்டி, மாலை போட்டு, பேட்டரியைத் தனியா கழட்டி வெச்சு, ஆறு மூடிமேலயும் கெட்டியா சந்தனம் அப்பி, குங்குமம் வெப்பார். மூடியில சின்ன ஓட்டை இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ள வர்ற காத்து அது வழியாத்தான் வெளிய போகணும். சந்தனம் காஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு பேட்டரி கடைக்கு வந்துச்சு. நான் ஊசி எடுத்து நோண்டி எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, துணியால துடைச்சேன். முருகேசன் முகம் சுருங்கிப் போச்சு. "பூஜை போட்ட பொட்டைத் துடைக்கிறியேப்பா"ன்னார். விவரமா சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டார். நான் சார்ஜைப் போட்டுட்டு எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போனேன். அந்த நேரத்துல அவர் துண்டு முடிச்சுல இருந்த சந்தனத்தை எடுத்துத் தண்ணி தொட்டுக் குழைச்சு, ஆறு மூடிக்கும் மறுபடி நல்லா அப்பியிருக்கார்!

சவரிமுத்து வழக்கம்போல வந்து ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். டீயோட நான் உள்ள நுழையுறேன், டப்புன்னு ஒரு சத்தம். ஒரு மூடி பிச்சுக்கிட்டு மேல போய் ஓட்டுல அடிச்சு, திரும்பி வந்து சவரிமுத்து மடியில விழுந்துச்சு. மனுஷன் பேப்பரைப் போட்டுட்டு ரோட்டுக்கே ஓடிட்டார். நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நான் கத்தின கத்துல எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பாத்தார். "யாருய்யா மறுபடி பொட்டு வெச்சது?"ன்னு கேட்டா முருகேசன் கொஞ்சம்கூட அசரலை. கையைக் கூப்பி பேட்டரியைக் கும்பிட்டுட்டு, ரோட்டுல நின்ன சவரிமுத்துவைப் பாத்துச் சொன்னார்: "பாத்தீங்களா பெரியவரே, இந்தப் பையன் பொட்டைத் தொட்டதுல சாமிக்கு எப்படிக் கோவம் வந்துடுச்சு!"

உப்பளத்து டிகிரி

உப்பளத்துக்காரங்களுக்கு டிகிரிதான் எல்லாம். பாத்தித் தண்ணியில கண்ணாடி மிதவையை விடுவாங்க. தண்ணி கெட்டியாக ஆக மிதவை மேல எழும்பும். குறிச்ச டிகிரிக்கு வந்துச்சுன்னா உப்பு இறங்கப் போகுதுன்னு அர்த்தம். நான் பேட்டரி ஆசிட்டை அளக்குறதும் அதே மாதிரி ஒரு மிதவையாலதான். கண்ணாடிக் குழாய்க்குள்ள ஆசிட்டை உறிஞ்சினா உள்ள இருக்கிற மிதவை எழும்பும். மேல நின்னா சார்ஜ் இருக்குது, கீழ கிடந்தா இல்லை. கோவிந்தன் மேஸ்திரி ஒரு தடவை இதைப் பாத்துட்டுப் போனவர். மழை முடிஞ்சு உப்பளம் திறக்கிற நேரம், முதலாளி ஜீப்பு கிளம்ப மாட்டேன்னு நின்னுச்சு. எங்கிட்ட வராம மேஸ்திரி தானே யோசிச்சிருக்கார். பேட்டரியில தண்ணி இளைச்சுப் போச்சு, கெட்டியாக்கினா தீர்ந்துச்சு! உள்ள இருந்ததைக் கொட்டிட்டு, கடைசிப் பாத்தியில இருந்து நல்ல கெட்டித் தண்ணியா மொண்டு ஆறு குழியிலயும் நிரப்பிட்டார்.

அதுக்கப்புறமும் ஜீப்பு அசையலைன்னதும் கடைக்குத் தூக்கிட்டு வந்தார். நான் மிதவையை விட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல ஜம்முன்னு நிக்குது. பல்பை வெச்சா மினுக்குன்னுகூட எரியலை. எனக்குத் தலையே சுத்திப்போச்சு. சார்ஜைப் போட்டதும் பிளீச்சிங் பவுடர் நெடி குப்புன்னு மூக்குல ஏறுச்சு. பட்டுன்னு சுவிட்சை நிறுத்திட்டு, "மேஸ்திரி, உண்மையைச் சொல்லுங்க, உள்ள என்னத்தை ஊத்தினீங்க?"ன்னேன். பெருமையாச் சொன்னார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "இது உப்புத் தண்ணிங்க, அது ஆசிட்டுங்க, ரெண்டும் ஒண்ணா? தகடு பூரா வீணாப் போச்சு. இனி இதுக்குப் புது பேட்டரிதான்"னு கத்தினேன். மேஸ்திரி கோவப்படலை. ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளி வாசல் பக்கமா போட்டு உக்காந்திருந்த சவரிமுத்துவை நியாயம் கேட்டார். சவரிமுத்து மிதவையை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, தீர்ப்பு சொன்னார்: "டிகிரி சரியாத்தானே இருக்குது, அந்தோணி? மேஸ்திரி மேல ஏம்பா பாயுற?"

சிலுவைப்பாதை

இந்த லட்சணத்துல விபூதிப் புதன் வந்துடுச்சு. "தபசு காலத்துலயும் வாரம் ஒரு தடவை பேட்டரியை எங்கிட்ட குடுத்து வாங்குங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்"னு கெஞ்சிப் பாத்தேன். "அது செட்டோட சேர்ந்தது. செட்டுக்கு ஒருசந்தி நோன்புன்னா அதுக்கும் நோன்புதான். இத்தனை வருஷம் காத்துக்கிட்டு வந்ததை உன் ஒருத்தனுக்காக விடமுடியாது"ன்னு சொல்லிட்டு ஊதாத் துணியை எடுத்து மூடிட்டார். என் கல்யாணத்தையே துணி போட்டு மூடின மாதிரி இருந்துச்சு எனக்கு. மறு ஞாயிறு பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன். பிலோமினா பாட்டுப் புத்தகத்தை மார்போட அணைச்சுக்கிட்டு வந்து நின்னு, "என்னாத்துக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"ன்னுச்சு. சொன்னேன். "எங்கப்பாகிட்ட பேட்டரியைப் பத்திப் பேசினா எப்படிங்க காது குடுப்பார்? நம்ம பங்குச் சாமியாருக்குத் தொண்டை கட்டியிருக்குதே, அதைக் கவனிச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு ஒரு மண்ணும் புரியலை. "கவனிக்கலை"ன்னேன். "சரி, நீங்க போய்க் கடையைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, நேரா சாமியார் பங்களாவுக்கு நடந்துச்சு.

எங்க பங்குல தபசு கால வெள்ளிக்கிழமையெல்லாம் சிலுவைப்பாதை ஜெப ஊர்வலம் சவுக்குத் தோப்புக்குள்ளதான் நடக்கும். கடல் காத்துல சாமியார் படிக்கிறது முன்னாடி நிக்கிற நாலு பேருக்குத்தான் கேக்கும், பின்னாடி இருக்கிறவங்க ஊர்க் கதை பேசிக்கிட்டு வருவாங்க. அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே சாமியார் சவரிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். "சிலுவைப்பாதைக்கு ஒரு ஹாரனும் ஒரு பேட்டரியும் மாட்டு வண்டியில வெச்சு கூடவே கொண்டு வா. ஒரு வாரம் ஒரு பேட்டரி, மறு வாரம் இன்னொண்ணு"ன்னார். சவரிமுத்து பதறிப்போய், "ஸ்தோத்திரம் சாமி, தபசு காலத்துல செட்டைத் தொடுறதில்லைன்னு ஒரு வைராக்கியம்"னு இழுத்தார். தொண்டை கட்டின குரல்லயே சாமியார் சொன்னார்: "சினிமாப் பாட்டுக்குத்தான்யா தபசு காலம். ஜெபத்துக்கு ஏது தபசு காலம்?"

ஊதாத் துணி இறங்குச்சு. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பேட்டரி தோப்பெல்லாம் சுத்தி வரும். சனிக்கிழமை காலையில சவரிமுத்துவே அதை சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டாந்து இறக்குவார். "ஜெபத்துக்குப் போன பேட்டரிப்பா, மரியாதையா சார்ஜ் போடு"ம்பார். ஆசிட்டைப் பாத்து, டிஸ்டில் வாட்டர் விட்டு, வயிறு நிறைய சார்ஜ் ஏத்தி அனுப்புவேன். அந்தத் தபசு காலத்துல மரக்காணத்துலயே பட்டினி கிடக்காதது அந்த ரெண்டு பேட்டரியும்தான்.

திங்கக்கிழமை

ஈஸ்டர் திங்கக்கிழமை கல்யாணம் எங்க தெருவுக்கு அடுத்த தெருவுலதான். பந்தலுக்குள்ள போனா அங்க ரெண்டு மைக்செட்டு இருக்குது. ஏன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு வருஷம் பாத்தது போதும்னு திண்டிவனத்துலேர்ந்து இன்னொரு மைக்செட்டையும் வரவழைச்சு வெச்சிருந்தாங்க. சவரிமுத்து செட்டு நின்ன நிமிஷம் அது பாடணுமாம். அந்தச் செட்டுக்காரர் வெத்திலையைக் குதப்பிக்கிட்டு, கால்மேல கால் போட்டுக்கிட்டு, எங்க பேட்டரியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். சவரிமுத்து முகத்துல ஈயாடலை. இத்தனை வருஷ மைக்செட்டுக்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேணும்? அப்ப எனக்கு அவர்மேல இருந்த கோவமெல்லாம் போய்ப் பாவமா இருந்துச்சு.

காலையில இருந்து பாட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துல, நினைச்ச மாதிரியே கரண்ட் போச்சு. சவரிமுத்து ஒயரைப் பேட்டரிக்கு மாத்தினார். நான் பக்கத்துலயே மிதவையோட குந்திக்கிட்டேன். பாட்டு ஒரு நூல்கூட இழுக்கலை. பொண்ணும் மாப்பிள்ளையும் திரும்பி வந்து பந்தலுக்குள்ள காலெடுத்து வெச்ச நேரம் ஹாரன் ரெண்டும் தெருக்கோடி வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். பந்தி நடந்துச்சு, மொய் எழுதினாங்க, வாழ்த்துரை வாசிச்சாங்க, பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயிற நேரத்துக்கு இன்னொரு பேட்டரியை மாத்தினோம், அது அதைவிட ஜோரா பாடுச்சு. திண்டிவனத்துக்காரர் விருந்தைச் சாப்பிட்டுட்டு, கட்டைக்கூட அவிழ்க்காத செட்டை வண்டியில ஏத்தினார். போற வழியில எங்கிட்ட நின்னு கேட்டார்: "ஏம்பா, தபசு காலம் முடிஞ்ச கையோட எந்தப் பேட்டரியும் இப்படிப் பாடாதே, நீங்க ஏதாவது வேற மதமா?"

மறுநாள் காலையில சவரிமுத்து கடைக்கு வந்தார். சவரம் பண்ணி, தும்பைப் பூவாட்டம் வேட்டி கட்டியிருந்தார். நான் எழுந்து நின்னேன். உக்காரலை, சிரிக்கலை. "சாமியாரைப் போய்ப் பாத்ததைப் பிலோமி சொல்லிட்டா"ன்னார். "சாமியாரைப் பிடிச்சு என் வைராக்கியத்தைக் கெடுக்கலாம்னு யோசனை பண்ணது யாரு? அவளா, நீயா? மழுப்பாம சொல்லு"ன்னார். நான்னு சொன்னா வருங்கால மாமனாரை ஏமாத்தினவன். அவதான்னு சொன்னா பொண்ணைக் காட்டிக்குடுத்தவன். ஆனா பொய் சொல்லி மாட்டிக்கிட்டா கிளியனூர் வாத்தியாருக்குத்தான் கொண்டாட்டம். "அவதாங்க"ன்னேன். "அவ கேட்டப்பகூட எனக்கு எதுவும் புரியலைங்க. சனிக்கிழமை நீங்களே பேட்டரியைக் கொண்டாந்து இறக்கினப்பதான் விளங்குச்சு. நான் சார்ஜ் போட்டதோட சரிங்க."

சவரிமுத்து என்னை மேலயும் கீழயும் பாத்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்து, கடைக்கு நடுவுலயே போட்டு உக்காந்துக்கிட்டு, நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னார்: "அப்ப சரி, அம்மாவை வந்து பேசச் சொல்லு. இந்த யோசனை மட்டும் உன்னுதா இருந்திருந்தா கிளியனூர் வாத்தியாருக்கே குடுத்திருப்பேன். ஒரே வீட்டுல ரெண்டு மூளைக்காரங்க இருந்தா தினம் சண்டைதான்பா வரும்."

இப்படியாக, அத்தனை வருஷம் பேட்டரிக் கடை நடத்தி நான் பார்த்த பெரிய லாபம், எனக்கு மூளை பத்தாதுன்னு ஒரு நல்ல மனுஷன் மனசார நம்பினதால வந்து சேர்ந்ததுதாங்க.